எட்டுக்கு எட்டு எல்இடி பலகையில் ஒரே ஒரு புள்ளியை ஏற்றுவது: மேக்ஸ்7219 செய்முறைப் பதிவு

எட்டு வரிசை, எட்டு நெடுவரிசை, மொத்தம் 64 சிவப்பு எல்இடி. அதில் மூன்றாம் வரிசையின் ஐந்தாவது விளக்கை மட்டும் ஏற்ற வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பலகையை ஓட்டும் மேக்ஸ்7219 சிப்பில் அப்படி ஒரு கட்டளையே கிடையாது. அதற்குத் தெரிந்தது வரிசை மட்டும்தான். "மூன்றாம் வரிசையில் இந்த எட்டு பிட்டையும் போடு" என்றால் போடும். பிட் என்பது 0 அல்லது 1; 1 என்றால் விளக்கு எரியும், 0 என்றால் அணையும். அந்த வரிசையில் முன்பு எது எரிந்தது, எது அணைந்திருந்தது என்று அதனிடம் கேட்கவும் முடியாது. சிப்புக்குள் எழுதலாம், திரும்பப் படிக்க வழியில்லை.

ஆகவே ஒற்றைப் புள்ளியைக் கட்டுப்படுத்தும் வேலை முழுக்க நம் பக்கம்தான் நடக்கிறது. 64 விளக்கின் நிலையையும் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுக் கணினியின் நினைவகத்தில் எட்டு பைட்டாக (ஒரு பைட் எட்டு பிட்) வைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு பிட்டை மாற்றி, அந்த வரிசையை மட்டும் சிப்புக்கு அனுப்ப வேண்டும். லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) போட்டாலும் உள்ளே நடப்பது இதுவே. இது புரிந்துவிட்டால் பின்னால் வரும் கோளாறுகளில் பாதியைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம்.

பொருட்கள்

ஆர்டுயினோ நானோ அல்லது யூனோ ஒன்று. மேக்ஸ்7219 வைத்த 8×8 பலகை ஒன்று. இதில் 1088ஏஎஸ் என்ற 32 மில்லிமீட்டர் சதுர மேட்ரிக்ஸ் (64 விளக்கும் அடங்கிய கட்டம்) இருக்கும். ஜம்பர் வயர் ஐந்து, 20 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்று, 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று. பலகையிலேயே இரண்டு கெப்பாசிட்டரும் சால்டர் செய்யப்பட்டிருந்தால் தனியாக வாங்க வேண்டாம். மலிவுப் பலகைகள் சிலவற்றில் அந்த இடம் காலியாக இருக்கும், திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

கிட் வடிவில், நாமே சால்டர் செய்யும்படி வாங்கினால் மேட்ரிக்ஸ் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தைக் கவனியுங்கள். ஏஎஸ் என்று முடிவதுதான் இந்தச் சிப்புக்குப் பொருந்தும். பிஎஸ் என்று முடிவதில் நேர், எதிர் முனைகள் இடம் மாறியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை 13-ஆம் காலிலும் கருப்பு முனையை 9-ஆம் காலிலும் தொட்டால் ஏஎஸ் மேட்ரிக்ஸில் ஒரு மூலை விளக்கு மங்கலாக எரியும். முனைகளை மாற்றிவைத்தால்தான் எரிகிறது என்றால் கையில் இருப்பது பிஎஸ். அதைச் சால்டர் செய்யாதீர்கள்.

எழுத்து அச்சிட்ட பக்கத்தில் இருப்பது முதல் கால். மேட்ரிக்ஸைத் தலைகீழாகச் செருகினால் படமும் தலைகீழாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி ஆகாது. வரிசைக் கால்களும் நெடுவரிசைக் கால்களும் இரு பக்கமும் கலந்து கிடப்பதால் படம் சிதறிப்போகும், சில விளக்குகள் எரியவே எரியாது.

இணைப்பு

பலகையில் ஐந்து முள் இருக்கும்: விசிசி (மின்சாரம்), கிரவுண்ட், டிஐஎன் (தகவல் உள்ளே வரும் வழி), சிஎஸ் (சிப்பைத் தேர்ந்தெடுக்கும் கோடு), சிஎல்கே (கிளாக் துடிப்பு). விசிசி 5 வோல்ட்டுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு. டிஐஎன் 11-ஆம் பின்னுக்கும், சிஎஸ் 10-க்கும், சிஎல்கே 13-க்கும் போகும். யூனோ, நானோ இரண்டிலும் எஸ்பிஐ என்ற தகவல் பரிமாற்ற முறைக்கான வன்பொருள் இருப்பது 11, 13 பின்களில். சிஎஸ்ஸை வேறு பின்னுக்கு மாற்றினாலும் 10-ஆம் பின்னை அவுட்புட்டாக அறிவித்தே ஆக வேண்டும். அது இன்புட்டாக இருந்து தற்செயலாகக் கீழ்நிலைக்குப் போனால் எஸ்பிஐ அடிமை நிலைக்கு மாறிவிடும், அதற்குப் பிறகு ஒரு பைட்டும் வெளியே போகாது.

10 கிலோ ஓம் மின்தடையை சிஎஸ்ஸுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் போடுங்கள். ஆர்டுயினோ துவங்கும் நேரத்தில் அதன் பின்கள் அந்தரத்தில் நிற்கும். சிஎஸ் கீழிருந்து மேலே ஏறும் கணத்தில்தான் மேக்ஸ்7219 வந்த தகவலை ஏற்றுக்கொள்கிறது. அந்தரத்தில் நிற்கும் வயர் இரைச்சலால் ஒருமுறை ஏறி இறங்கினாலும் உள்ளே கிடக்கும் குப்பைத் தகவல் கட்டளையாகிவிடும்.

பெரும்பாலான பலகைகளில் இரு பக்கமும் முள் உண்டு. ஒன்று உள்ளே வரும் வழி, மற்றது அடுத்த பலகைக்கு வெளியே போகும் வழி. டிஐஎன் என்று இருக்கும் பக்கம்தான் நமக்கு. டிஅவுட் பக்கத்தில் இணைத்துவிட்டு நிரலில் பிழை தேடி மாலையைத் தொலைப்பது இந்தப் பலகையோடு சேர்ந்தே வரும் சடங்கு.

சிப்போடு பேசும் முறை

ஒவ்வொரு கட்டளையும் 16 பிட். முதல் பைட் ரிஜிஸ்டர் (சிப்புக்குள் மதிப்பை வைக்கும் இடம்) எண், இரண்டாவது அதற்கான மதிப்பு. பெரிய பிட் முதலில் போகும். சிஎஸ்ஸை இறக்கு, இரண்டு பைட் அனுப்பு, சிஎஸ்ஸை ஏற்று. அவ்வளவுதான். எஸ்பிஐ நிலை 0. சிப் 10 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும். பிரெட்போர்டில் 1 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகத் தேவையில்லை.

1 முதல் 8 வரையுள்ள ரிஜிஸ்டர்கள் எட்டு வரிசைகள். 9 டிகோடு (பைட்டை இலக்கமாக மொழிபெயர்ப்பது), 10 வெளிச்சம், 11 எத்தனை வரிசை ஓட்ட வேண்டும் என்பது, 12 தூக்கமா விழிப்பா என்பது, 15 சோதனை நிலை. 0 என்றால் ஒன்றும் செய்யாதே. மாதிரி நிரல்களில் இவை பதினாறடிமான எண்ணாக இருக்கும், இங்கே எல்லாம் பத்தடிமானம்.

மின்சாரம் கிடைத்ததும் சிப் தூங்கும் நிலையில் எழும்: திரை வெறுமை, வெளிச்சம் மிகக் குறைவு, ஒரே ஒரு வரிசை மட்டும் ஓட்டும் அமைப்பு. ஆகவே துவக்கத்தில் இந்த வரிசைப்படி அனுப்ப வேண்டும்:

15-க்கு 0 (சோதனை நிலை வேண்டாம்)
11-க்கு 7 (எட்டு வரிசையும் ஓட்டு)
9-க்கு 0 (டிகோடு வேண்டாம்)
10-க்கு 2 (வெளிச்சம், 0 முதல் 15 வரை)
1 முதல் 8 வரை எல்லாவற்றுக்கும் 0
12-க்கு 1 (விழித்துக்கொள்)

விழிப்பைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஆர்டுயினோவை மட்டும் ரீசெட் செய்தால் சிப்புக்கு வரும் மின்சாரம் நிற்காது, பழைய படம் அதில் அப்படியே இருக்கும். துடைக்காமல் எழுப்பினால் அது ஒருமுறை மின்னிவிட்டுப் போகும்.

லெட்கண்ட்ரோல் லைப்ரரி பயன்படுத்துவோர் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். முதலாவது, அதில் பின்களைக் கொடுக்கும் வரிசை டேட்டா, கிளாக், சிஎஸ். பலகையில் முள் நிற்கும் வரிசையோ டிஐஎன், சிஎஸ், சிஎல்கே. முள்ளைப் பார்த்து வரிசையாக எண்களைக் கொடுத்தால் கிளாக்கும் சிஎஸ்ஸும் இடம் மாறும், திரை இருட்டாகவே இருக்கும். இரண்டாவது, அதன் ஷட்டவுன் கட்டளைக்கு 'பொய்' என்ற மதிப்பைக் கொடுத்தால்தான் சிப் விழிக்கும். அந்த ஒரு வரி விடுபட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு புள்ளிகூட எரியாது.

ஒரு புள்ளி

ஒரு வரிசையின் எட்டு விளக்குக்கும் இடமிருந்து வலமாக மதிப்பு: 128, 64, 32, 16, 8, 4, 2, 1. ஐந்தாவது விளக்கின் மதிப்பு 8. மூன்றாம் வரிசையில் ஏற்கெனவே 66 இருப்பதாக வைத்துக்கொள்வோம், அதாவது 01000010. ஐந்தாவதை ஏற்ற 66-ஐயும் 8-ஐயும் 'அல்லது' செயலால் சேர்த்தால் 74 வரும், 01001010. அணைக்க, 255-இலிருந்து 8 போக மீதி 247-ஐ 'மற்றும்' செயலால் சேர்த்தால் மறுபடி 66. எரிவதை அணைக்கவும் அணைந்ததை ஏற்றவுமாக நிலையை மாற்ற மட்டும் வேண்டுமென்றால் 'எக்ஸார்' செயல்.

இங்கே சாதாரணக் கூட்டலைப் போடும் தவறு அடிக்கடி நடக்கிறது. 66-உடன் 8-ஐக் கூட்டினாலும் 74 வருவதால் முதல்முறை சரியாகத் தெரியும். எரிந்துகொண்டிருக்கும் விளக்கை மறுபடி ஏற்றச் சொன்னால் 74-உடன் 8 கூடி 82 ஆகும், 01010010. ஐந்தாவது அணைந்து நான்காவது எரியும். ஓடும் புள்ளி திடீரென்று பக்கத்துக்குத் தாவுவதைப் பார்த்தால் நிரலில் கூட்டல் குறியைத் தேடுங்கள்.

பழகிக்கொள்ள நல்ல பயிற்சி, 'ட' எழுதி அதை 'ப' ஆக்குவது. 'ட' இப்படி இருக்கும்:

00000000 – 0
01000000 – 64
01000000 – 64
01000000 – 64
01000000 – 64
01000000 – 64
01111110 – 126
00000000 – 0

இரண்டாம் வரிசை முதல் ஆறாம் வரிசை வரை ஏழாவது விளக்கை, அதாவது 2 மதிப்புள்ள பிட்டை, ஒவ்வொன்றாக ஏற்றினால் 64 எல்லாம் 66 ஆகி 'ப' எழும். ஐந்து விளக்கு, ஐந்து கட்டளை. கீழிருந்து மேலாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் 150 மில்லிவினாடி இடைவெளி விட்டால் எழுத்து வளர்வது அழகாகத் தெரியும். மறுபடி அணைத்தால் 'ட'. இடது கோடு கலையாமல் வலது கோடு மட்டும் வந்து போனால் பிட் கணக்கு சரி. வலது கோடு வரும்போது இடது கோடு மறைந்தால், நினைவகத்தில் உள்ள பைட்டோடு சேர்க்காமல் வெறும் 2-ஐ அனுப்பியிருக்கிறீர்கள் என்று பொருள். சுழிகள் நிறைந்த மற்ற எழுத்துகளுக்கு எட்டுப் புள்ளி உயரம் போதாது. 'இ' எழுத முயல்வோருக்கு அனுதாபங்கள்.

படம் கவிழ்ந்து கிடந்தால்

பலகைக்குப் பலகை மேட்ரிக்ஸைச் சிப்போடு இணைத்த விதம் மாறும். அதனால் படம் திரும்பியோ கண்ணாடியில் பார்ப்பதுபோலவோ வரலாம். மொத்தம் எட்டு வாய்ப்பு உண்டு. எது என்று கண்டுபிடிக்க மேலே உள்ள 'ட' உதவாது. அதன் இரண்டு கையும் ஆறு புள்ளி என்பதால், கண்ணாடிப் பிம்பமும் 90 பாகை திரும்பியதும் ஒன்றுபோலவே தெரியும். சோதனைக்கு நெட்டுக் கை நீளமாகவும் கிடைக் கை குட்டையாகவும் வையுங்கள்: 1 முதல் 7 வரை 128, எட்டாவதில் 240. நெட்டில் எட்டுப் புள்ளி, அடியில் நான்கு.

நீளக் கை நின்றபடி, குட்டைக் கை இடப்பக்கம் நீண்டால் இட வலம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு பைட்டையும் பிட் வரிசை திருப்பி அனுப்பினால் போதும். குட்டைக் கை மேலே போய்விட்டால் வரிசை எண்ணை 9-இலிருந்து கழித்து அனுப்புங்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டையும் செய்யுங்கள். நீளக் கை படுத்துக் கிடந்தால் அந்தப் பலகையில் வரிசை என்று நாம் நினைப்பது நெடுவரிசை. அப்போது புள்ளியை நினைவகத்தில் குறிக்கும் இடத்திலேயே இரண்டு எண்ணையும் இடம் மாற்றிக் கொடுப்பதுதான் சுலபம். நான்கு மேட்ரிக்ஸ் ஒரே தட்டில் வரும் எஃப்சி-16 வகையை எம்டி மேக்ஸ்72எக்ஸ்எக்ஸ் லைப்ரரியில் 'ஜெனரிக்' என்று அறிவித்தால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே படுத்துக்கொள்வது இதனால்தான். அங்கே எஃப்சி16 வகையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

எது கெட்டால் எப்படித் தெரியும்

எல்லா விளக்கும் முழு வெளிச்சத்தில் எரிகிறது, எந்தக் கட்டளைக்கும் மசியவில்லை. இது சோதனை நிலை. இரைச்சலால் 15-ஆம் ரிஜிஸ்டரில் 1 விழுந்திருக்கிறது. சோதனை நிலை மற்ற எல்லா அமைப்பையும் மீறும்; வெளிச்சத்தை 2 என்று வைத்திருந்தாலும் 32-இல் 31 பங்கு நேரம் எரியும். மின்னோட்டம் உச்சத்துக்குப் போவதால் யூஎஸ்பியில் ஓடும் நானோ தடுமாறி ரீசெட் ஆகவும் கூடும். கெப்பாசிட்டர்கள் சிப்பின் காலுக்கு அருகே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

முதல் வரிசை மட்டும் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிகிறது, மற்றவை இருட்டு. 11-ஆம் ரிஜிஸ்டருக்குப் போக வேண்டிய 7 போய்ச் சேரவில்லை. எட்டு வரிசைக்குப் பங்கிட வேண்டிய நேரம் முழுவதும் ஒரே வரிசைக்குக் கிடைப்பதால் அந்தப் பளிச். அப்படியே நீண்ட நேரம் விட்டுவைக்காதீர்கள்.

அனுப்பிய பிட்டுக்குச் சம்பந்தமில்லாத கோலம் வருகிறது, ஆனால் ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே கோலம். இது டிகோடு. இந்தச் சிப் அடிப்படையில் ஏழு துண்டு எண் காட்டிகளுக்காகச் செய்யப்பட்டது. 9-ஆம் ரிஜிஸ்டரில் 0 இல்லையென்றால் நம் பைட்டை இலக்கமாக எடுத்துக்கொண்டு மொழிபெயர்த்துவிடும்.

ஒரு முழு வரிசையோ முழு நெடுவரிசையோ இருட்டு என்றால் அந்தக் காலின் சால்டரைப் பாருங்கள். மேட்ரிக்ஸ் சாக்கெட்டில் உட்காரும் வகை என்றால் கால் மடங்கியிருக்கலாம். ஒற்றைப் புள்ளி மட்டும் எப்போதுமே எரியவில்லையென்றால் உள்ளே அந்த எல்இடி போய்விட்டது. மேட்ரிக்ஸை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மேசையில் சரியாக ஓடியது, பெட்டிக்குள் வைத்ததும் உளறுகிறது. ஆர்டுயினோவுக்குப் பதில் இஎஸ்பி8266 அல்லது இஎஸ்பி32 வைத்தவர்கள் சொல்லும் புகார் இது. அவற்றின் பின்கள் 3.3 வோல்ட்தான் தரும். மேக்ஸ்7219-க்கு உயர்நிலை என்று உறுதியாகப் புரிய 3.5 வோல்ட் வேண்டும். குட்டை வயரில் அதிர்ஷ்டத்தில் ஓடும். வயர் நீண்டாலோ பக்கத்தில் மோட்டார் ஓடினாலோ அதிர்ஷ்டம் தீர்ந்துவிடும். 5 வோல்ட்டில் இயங்கும் 74எச்சிடி125 என்ற, சிக்னலை உயர்த்தித் தரும் சிப் ஒன்றை நடுவில் வைத்து மூன்று கோட்டையும் அதன் வழியே விடுங்கள். சிப்பையே 3.3 வோல்ட்டில் ஓட்டலாமே என்று தோன்றும். அதன் கீழ் எல்லை 4 வோல்ட்.

இரைச்சலுக்கு இன்னொரு காப்பு, 15, 11, 9, 10, 12 என்ற ஐந்து ரிஜிஸ்டரையும் எட்டு வரிசையையும் சில வினாடிக்கு ஒருமுறை மறுபடி அனுப்பிவிடுவது. மொத்தம் 13 கட்டளை, 208 பிட். 1 மெகாஹெர்ட்ஸில் கால் மில்லிவினாடிக்குள் முடியும், கண்ணுக்குத் தெரியாது. சிப் எப்போதாவது தடம் புரண்டாலும் தானாகத் திரும்பிவிடும். இது ஒட்டுப் போடும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் சந்தையில் நகல் சிப்கள் நிறையக் கலந்திருக்கும் காலத்தில் இதைப் போடாமல் பலகையைச் சுவரில் மாட்ட வேண்டாம்.

வெளிச்சமும் மின்னோட்டமும்

சிப்பின் ஐசெட் காலில் உள்ள மின்தடைதான் ஒரு எல்இடியின் உச்ச மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது. பலகைகளில் வழக்கமாக 10 கிலோ ஓம் இருக்கும், அது 40 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல். எட்டு வரிசையும் மாறி மாறி எரிவதால் ஒரு விளக்குக்குச் சராசரி அதில் எட்டில் ஒரு பங்கு. எல்லாம் எரிந்தால், முழு வெளிச்சத்தில், ஒரு பலகை சுமார் 330 மில்லிஆம்பியர் இழுக்கும். அறைக்குள் பார்க்க 10-ஆம் ரிஜிஸ்டரில் 1 அல்லது 2 தாராளம். நிரந்தரமாக ஓடப்போகும் பலகை என்றால் அந்த மின்தடையை 27 கிலோ ஓமாக மாற்றிவிடலாம். உச்சம் ஏறக்குறைய 20 மில்லிஆம்பியருக்கு இறங்கும், சோதனை நிலைக்கு ஓடிப்போனாலும் ஆபத்து குறைவு. 9.53 கிலோ ஓமுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது.

வெளிச்சம் முழுப் பலகைக்கும் ஒன்றே. ஒரு புள்ளியை மங்கலாகவும் பக்கத்துப் புள்ளியைப் பளிச்சென்றும் வைக்க இந்தச் சிப்பில் வசதியில்லை. வேகமாக ஏற்றி அணைத்து ஏமாற்றலாம் என்றால், சிப் தானே வினாடிக்குச் சுமார் 800 முறை வரிசைகளைச் சுற்றி வருகிறது. அந்தத் தாளமும் நம் தாளமும் ஒத்துப்போகாமல் விளக்கு நடுங்கும். மைக்ரோபிட் என்ற சிறு கணினியின் 5×5 திரையில் மைக்ரோபைத்தான் நிரல்மொழி ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 9 வரை வெளிச்சம் தருகிறது. நிறமும் வேண்டுமென்றால் டபிள்யூஎஸ்2812பி பலகைக்குப் போவதே மேல். அதில் ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் தனிச் சிப் உண்டு, ஒரு விளக்குக்கு 24 பிட். ஆனால் 64 விளக்கும் முழு வெள்ளையில் எரிந்தால் 3.8 ஆம்பியர் அளவுக்குப் போகும், அதற்குத் தனி பவர் சப்ளை வேண்டும்.

நான்கு பலகை சேர்த்தால்

ஒன்றின் டிஅவுட் அடுத்ததன் டிஐஎன்னுக்கு, சிஎஸ்ஸும் சிஎல்கேயும் எல்லாவற்றுக்கும் பொது. நினைவகத்தில் 32 பைட். நெடுவரிசை எண்ணை 0 முதல் 31 வரை வைத்து எட்டால் வகுத்தால் ஈவு எந்தப் பலகை என்றும், மீதி எந்த பிட் என்றும் சொல்லும். 21 என்றால் ஈவு 2, மீதி 5. அதாவது மூன்றாம் பலகையில் 4 மதிப்புள்ள பிட்.

அனுப்பும்போது சிஎஸ்ஸை ஒருமுறை இறக்கி நான்கு கட்டளையையும், 64 பிட், சேர்த்தே அனுப்பி, பிறகு ஏற்ற வேண்டும். முதலில் போவது கடைசிப் பலகைக்குப் போய்ச்சேரும். டிஐஎன் பக்கத்திலிருந்து மூன்றாவதை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் முதலில் 0, 0. அடுத்து வரிசை எண்ணும் மதிப்பும். பிறகு 0, 0. மறுபடி 0, 0. ஒவ்வொரு கட்டளைக்கும் நடுவில் சிஎஸ்ஸை ஏற்றிவிட்டால், முதல் பலகைக்குச் சொன்னது ஒரு படி தாமதமாக இரண்டாவதிலும், இன்னொரு படி தாமதமாக மூன்றாவதிலும் தெரியும். துவக்கக் கட்டளைகளும் நான்கு பிரதியாகப் போக வேண்டும், இல்லையென்றால் முதல் பலகை மட்டும் விழிக்கும்.

மின்சாரத்தை ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்காதீர்கள். நான்கும் முழுதாக எரிந்தால் 1.3 ஆம்பியர். யூனோவின் யூஎஸ்பி ஃப்யூஸ் 500 மில்லிஆம்பியருக்கானது. 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை நேராகப் பலகைகளுக்குக் கொடுத்து, அதன் கிரவுண்டை ஆர்டுயினோவின் கிரவுண்டோடு சேருங்கள். கடைசிப் பலகையின் முனையில் 470 மைக்ரோஃபாரட் ஒன்றைப் போட்டால், நிறைய விளக்கு ஒரே நேரத்தில் ஏறும்போது மின்னழுத்தம் சரிவது நிற்கும். இந்த இணைப்பில் கிரவுண்ட் வயர் கழன்றால் பலகை முழுக்கச் செத்துப்போகாது. சிக்னல் வயர் வழியே கொஞ்சம் மின்சாரம் கசிந்து அரைகுறையாக எரிந்து குழப்பும். நிரலைத் திறப்பதற்கு முன் அந்த ஒரு வயரை மல்டிமீட்டரில் தொட்டுப் பாருங்கள்.